பன்னிரண்டாவது பிடி

எங்கள் ஊரில் ஒருவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால், "எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்போம். விலை கூடுதலாக இருந்தால் யாரும் மெச்சமாட்டார்கள். "ஏமாந்துட்டியேப்பா" என்று முதுகில் தட்டுவார்கள். அதே சட்டையைப் பாதி விலைக்கு வாங்கியவன்தான் அன்றைக்கு ராஜா. ஒசாகாக்காரன் பெருமை அப்படிப்பட்டது. டோக்கியோக்காரர்கள் இதைக் கஞ்சத்தனம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்கள் முப்பதாயிரம் யென் கொடுத்து, இரண்டரை மணி நேரம் முதுகு விறைக்க உட்கார்ந்து, சமையல்காரர் முகத்தைப் பார்த்துப் பயந்து பயந்து சுஷி சாப்பிட்டுவிட்டு வரட்டும். எங்கள் கடைத்தெருவில் சுஷிக்கடை ஹிசாயே மூவாயிரத்து முந்நூறு யென்னுக்குப் பன்னிரண்டு பிடி கொடுக்கிறாள், சோற்றைக் கையில் பிடித்து மேலே மீனை வைத்து. என்ன மீன், எந்த வரிசை என்பதெல்லாம் அவள் முடிவு. நீங்கள் வாயைத் திறந்தால் போதும். முப்பத்தைந்து நிமிடத்தில் வயிறும் நிறையும், வேலைக்கும் திரும்பிப் போகலாம்.

என் பெயர் உமேனோ. அவள் கடைக்கு நேர் எதிரே சலவைக்கடை வைத்திருக்கிறேன். ஒன்பது வருடமாக வியாழக்கிழமைதோறும் மதியம் பன்னிரண்டு இருபது மணிப் பந்தி, இரண்டாம் நாற்காலி எனக்கு. பந்திக்கு முந்து என்பதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவன். ஆகவே அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. முதல் நாற்காலி முடிதிருத்தும் ஓனிஷி தனக்குத்தான் தகுதி என்பான். அவனை நம்பாதீர்கள்.

ஹிசாயேவுக்கு இப்போது ஐம்பத்து நான்கு வயது. குள்ளம். தலையில் இறுகக் கட்டிய வெள்ளைத் துணி, காலில் ரப்பர் பூட்ஸ். குரல் மட்டும் நாலு கடைக்குக் கேட்கும். சுஷிக்கு வருவதற்கு முன்னால் பதினெட்டு வருடம் ரயிலில் நடத்துநர். கடைசிப் பெட்டியில் நின்று கதவைத் திறந்து மூடும் வேலை. அந்த வழித்தடத்தில் ஓட்டுநர் ஒருவரே போதும், நடத்துநர் வேண்டாம் என்று ஆனபோது, மேசை வேலை தருகிறோம் என்றார்களாம். இவள் மறுத்துவிட்டு, சுஷிப் பயிற்சிப் பள்ளியில் மூன்று மாதம் படித்தாள். பிறகு மொத்த மீன் கடையில் ஐந்து வருடம் மீன் அறுத்தாள். அதன் பிறகுதான் எட்டு நாற்காலி போட்டுக் கடை திறந்தாள்.

பத்து வருடம் பாத்திரம் கழுவி, பத்து வருடம் சோறு வடித்தால்தான் சுஷிக்காரன் என்று நினைக்கிறவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. திறந்த முதல் வாரமே ஓனிஷி கேட்டுவிட்டான்.

"மூணு மாசம் படிச்ச டாக்டர்கிட்ட யாராவது ஆபரேஷன் பண்ணிக்குவாங்களா?"

ஹிசாயே கையிலிருந்த கத்தியை நிறுத்தவே இல்லை. "நீங்க முப்பது வருஷமா முடி வெட்டறீங்க. உமேனோ அண்ணன் முடி இன்னும் ஒரு பக்கமாதானே சாயுது?"

அன்றிலிருந்து அவன் வாராவாரம் வருகிறான்.

அவள் வேலை செய்யும் விதம் வேறு எங்கும் பார்க்க முடியாதது. ரயிலில் வேலை பார்ப்பவர்கள் சிக்னலை வெறுமனே கண்ணால் பார்த்துவிட்டுப் போகமாட்டார்கள். விரலை நீட்டிச் சுட்டி, வாய்விட்டு "சரி" என்று சொன்ன பிறகே அடுத்த காரியம். கண் ஏமாற்றினாலும் வாய் ஏமாற்றாது என்று கணக்கு. அந்தப் பழக்கத்தை ஹிசாயே சுஷி மேடைக்குக் கொண்டு வந்துவிட்டாள். நாம் உட்கார்ந்து முதல் மிடறு தேநீர் குடிப்பதற்குள், யார் எந்தக் கையால் கோப்பையை எடுக்கிறார்கள் என்று பார்த்துவிடுவாள். ஒவ்வொரு சுற்றுக்கு முன்னாலும் விரல் எட்டுத் தட்டின் மேலும் போகும்.

"ஒண்ணு, வலது கை. ரெண்டு, வலது கை, காரம் கம்மி. மூணு, இடது கை. நாலு, சோறு சின்னதா. சரி."

இடது கைக்காரருக்குப் பிடியை மறுபக்கம் சாய்த்து வைப்பாள், விரல் தானாகப் போய் எடுக்க வாகாக. டோக்கியோவில் முப்பதாயிரம் வாங்குகிறவர்கள் இதைச் செய்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் போவதில்லை.

காலையில் மீன் பெட்டிகள் வரும்போதும் இதே கதைதான். நான் ஷட்டரைத் தூக்கும் நேரத்தில் எதிர்ப்பக்கமிருந்து குரல் வரும். "கணவாய், சரி. இறால், சரி. கானாங்கெளுத்தி, சரி. இசோபே விலாங்கு, சரி." கடல் விலாங்குப் பெட்டியில் மட்டும் பிடித்தவர் பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். அவாஜித் தீவில் ஏதோ ஒரு சின்னத் துறைமுகம். நான்கு வருடமாக அந்த ஒருவருடைய விலாங்கைத் தவிர வேறு வாங்கமாட்டாள். வேகவைத்து, ஊதுகுழல் நெருப்பில் லேசாகக் கருக்கி, சுண்டக் காய்ச்சிய இனிப்புச் சாற்றை ஒரு தடவு தடவிக் கொடுப்பாள். அதுதான் பன்னிரண்டாவது, கடைசிப் பிடி. அது முடிந்ததும் வறுத்த தேயிலையில் போட்ட சின்னக் கோப்பைத் தேநீரைத் தன் கையாலேயே கொண்டுவந்து வைப்பாள். அந்தக் கோப்பை வந்தால் கடைசி நிறுத்தம் வந்துவிட்டது என்று அர்த்தம். குடித்துவிட்டு எழுந்துவிட வேண்டும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரே ஒருமுறை அவளைக் கேட்டேன், இவ்வளவு சுட்டிச் சுட்டிக் கூவ வேண்டுமா என்று.

நடத்துநராக இருந்தபோது, ஒரு மழை நாளில், சின்ன ஸ்டேஷன் ஒன்றில், நேரத்துக்குச் சற்று முன்பாகவே கதவை மூடிவிட்டாளாம். கடிகாரத்தைச் சுட்டிச் சொல்ல அன்றைக்கு மட்டும் மறந்துபோனாள். படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதர் கையை உயர்த்தியிருக்கிறார். கதவு மூடியதைப் பார்த்ததும் கையை இறக்கிவிட்டு, போகும் ரயிலைப் பார்த்துத் தலை குனிந்திருக்கிறார், தான்தான் தாமதமாக வந்துவிட்டதைப் போல. அடுத்த ரயிலுக்கு அரை மணி நேரம். இவள் தானாகவே மேலிடத்தில் போய்ச் சொல்லி, தப்பை எழுதிக் கொடுத்தாள். ஆனாலும் அந்தக் குனிந்த தலை அவளை விடவில்லை.

"தாமதமா போனா, நிக்கிறவங்ககிட்ட மன்னிப்பு கேட்டுக்கலாம்ணே," என்றாள். "முன்னாடியே கிளம்பிட்டா யாருகிட்ட கேட்கிறது?"

போன ஜூன் மாதம், மழைக்காலம் தொடங்கிய வாரம். வியாழக்கிழமை. வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு பெரியவர் நின்றார். எழுபது இருக்கும். கழுத்து முழுக்க வெயில் தின்ற கருப்பு. கால்சட்டையில் இரட்டை மடிப்பு. வீட்டிலேயே, பழக்கமில்லாத கை இஸ்திரி போட்டிருக்கிறது என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. தொழில் புத்தி.

"இங்கே கடல் விலாங்கு உண்டுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லாமலா? பன்னிரண்டாவது அதுதானே. அதுக்காகவே நாகோயாவிலேர்ந்து வர்றவங்க இருக்காங்க."

அவர் முகம் மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். மீன் பெட்டியில் ஒட்டும் சீட்டு. இசோபே என்று எழுதியிருந்தது.

"ஐம்பது வருஷமா பிடிக்கிறேன். பெட்டியில போட்டுக் கட்டி அனுப்பினதோட சரி. எங்கே போகுது, யாரு சாப்பிடறாங்க, ஒண்ணும் தெரியாது. சந்தைத் தரகரைத் தொந்தரவு பண்ணி இந்தக் கடை பேரை வாங்கினேன். அடுத்த மாசம் படகை விக்கிறேன், இடுப்பு ஒத்துழைக்கலை. அதுக்குள்ள ஒரு தடவை கண்ணால பார்த்து, வாயில வெச்சுடணும்னு."

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. தினம் காலையில் என் ஷட்டரோடு சேர்ந்து எழும் பெயர் இது. "ஐயா, உங்க பேரு இந்தத் தெருவுல..." என்று ஆரம்பித்தேன்.

"தயவுசெஞ்சு அவங்ககிட்ட சொல்லிடாதீங்க," என்று கையைப் பிடித்துக்கொண்டார். "தெரிஞ்சா எனக்குன்னு பெருசா ஒண்ணு பிடிச்சுடுவாங்க. அவங்களுக்கும் சங்கடம். எல்லாருக்கும் என்ன கொடுக்கிறாங்களோ அதையே நானும் சாப்பிடணும். மதியம் ஒண்ணு ஆறு ரயிலைப் பிடிச்சுப் போயிடுவேன், இல்லாட்டி தீவுக்குப் போற படகைத் தவற விட்டுடுவேன்."

வாக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு ஒசாகாக்காரனுக்கு இப்படி ஒரு சேதியைக் கொடுத்து வாயை மூடு என்பது, பூனையை மீன் கூடைக்குக் காவல் வைப்பதுதான்.

அவர் மூன்றாம் நாற்காலி. இடது கைக்காரர். ஒவ்வொரு பிடியையும் எடுப்பதற்கு முன் ஒரு கணம் பார்த்தார். பிறகு ஒரே வாயில் போட்டுக் கண்ணை மூடினார். கணவாய், சூரை, இறால் என்று ஹிசாயேவின் கை பறந்துகொண்டிருந்தது. பதினோராவதாக முட்டை வந்தது. அடுத்தது அவருடையது. ஏதோ என் மகளுக்குக் கல்யாணம் நடப்பதுபோல இருந்தது எனக்கு.

விலாங்கு மட்டும் சூடாகத் தரவேண்டும் என்பதால் ஒவ்வொருவருக்காகக் கருக்கிக் கொடுப்பாள். ஓனிஷிக்கு வைத்தாள். "ஒண்ணு, முடிஞ்சது." எனக்கு வைத்தாள். "ரெண்டு, முடிஞ்சது." அந்த நேரம் பார்த்து என் வாய் என்னை மீறிவிட்டது. ரகசியத்தைச் சொல்லக் கூடாது, சும்மாவும் இருக்க முடியவில்லை, ஆகவே பிதற்றினேன்.

"ஹிசாயே, நம்ம ஊர் அணி நேத்து தோத்ததுக்கு நீதான் காரணம். உன் விலாங்கைச் சாப்பிட்டுட்டுப் போனவன்தான் பந்தை நழுவ விட்டான், கை வழுக்கி."

"அவன் கை பிறந்ததுலேர்ந்தே வழுக்குதுண்ணே. பழியை மீன் மேல போடாதீங்க," என்று சிரித்தாள் அவள். ஓனிஷி தன் பங்குக்குப் பயிற்சியாளரைத் திட்ட ஆரம்பித்தான். நான் அவன் பக்கம் திரும்பினேன். விரல் அடுத்து நாலில் போய் நின்றதை நான் பார்க்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் தொலையட்டும், பக்கத்து நாற்காலிக்காரரையும் சேர்த்தல்லவா கெடுத்துவிட்டேன்.

"அருமையான சாப்பாடு. ரொம்ப நன்றி," என்று மூன்றாம் நாற்காலியிலிருந்து குரல் கேட்டது. நான் திரும்புவதற்குள் அவர் குடையை எடுத்துக்கொண்டு கதவைத் தாண்டிவிட்டார். ஹிசாயே வைத்த கடைசித் தேநீர்க் கோப்பை காலியாக இருந்தது. ரயிலுக்கு ஓடுகிறார், மனசு நிறைந்து பேச முடியாமல் போகிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஐந்து நிமிடத்தில் மற்றவர்களும் எழுந்தார்கள். மேடையைத் துடைத்துக்கொண்டே ஹிசாயே, அறுத்த விலாங்கு வைக்கும் பெட்டியின் மூடியைத் திறந்தாள். ஒரு பந்திக்கு, எட்டுப் பேருக்கு எட்டுத் துண்டுதான் அறுப்பாள், ஒன்பதாவது இருக்காது. உள்ளே ஒன்று கிடந்தது.

அவள் விரல் மெல்ல உயர்ந்தது. "ஒண்ணு. ரெண்டு." அங்கேயே நின்றது. "மூணு, இடது கை."

துடைத்த துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவரு ஏன் கேட்கலை?" என்றாள். பதில் அவளுக்கே தெரியும். கோப்பை வந்துவிட்டது. மீன் தீர்ந்துபோயிருக்கும், கேட்டால் அந்தம்மாவுக்குச் சங்கடம், எழுந்து கும்பிட்டுவிட்டுப் போவதுதான் மரியாதை. எங்கள் ஆட்கள் அப்படித்தான். பசியில் செத்தாலும் சாவார்கள், எதிரே இருப்பவர் முகம் வாடவிடமாட்டார்கள்.

இதற்கு மேலும் வாக்கைக் காப்பாற்றினால் நான் மனுஷனில்லை. வாசலில் நின்ற ஓனிஷிக்கும் கேட்க எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இசோபே என்ற பெயரைக் கேட்டதும் அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"என்ன ரயில்?"

"ஒண்ணு ஆறு. விடு ஹிசாயே, தரகர் மூலமா ஒரு மன்னிப்புக் கடிதம் போட்டுடலாம். வெளியில அடுத்த பந்தி நிக்குது பாரு."

"கடிதத்தைக் கடிச்சுத் தின்ன முடியுமாண்ணே?"

சொல்லும்போதே நெருப்பு எரிந்தது. துண்டைக் கருக்கி மூடி போட்ட பெட்டியில் வைத்தாள். மரச் சம்படத்தில் சோற்றை எடுத்து ஈரத் துணியால் மூடினாள். சாற்றுப் புட்டியைப் பையில் செருகினாள். "தண்ணி பாட்டிலை எடுங்க. சம்படத்தை மார்போட அணைச்சுக்கங்க, சூடு போகக் கூடாது. நேரா பிடிங்க. துவைக்கப் போட்ட துணி இல்லை அது."

ஒன்பது வருடத்தில் ஒரு பந்திகூட ஒரு நிமிடம் தாமதமானதில்லை. வெளியே நின்ற எட்டுப் பேருக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்தாள். "பதினஞ்சு நிமிஷம் தாமதமாகும். காரணத்தை வந்து சொல்றேன்." அடுத்த கணம் ரப்பர் பூட்ஸ் தடதடக்கத் தெருவில் ஓடினாள். பின்னால் சோற்றுச் சம்படத்தோடு நான். பழக்கடைக்காரி எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

"என்ன ஹிசாயே, காசு கொடுக்காம ஓடிட்டானா?"

"இல்லக்கா, சாப்பிடாம ஓடிட்டாரு."

ஸ்டேஷனை அடைந்தபோது மணி ஒன்று மூன்று. அவள் நேராக உள்ளே போகாமல் இயந்திரத்தின் முன் நின்று இரண்டு பிளாட்பார டிக்கெட் எடுத்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"இப்ப டிக்கெட்தான் முக்கியமா?"

"பதினெட்டு வருஷம் மத்தவங்களைக் கேட்டவ நான். மூச்சு வாங்காம நடங்க."

பிளாட்பாரத்தில் இசோபே, ஓரத்து எச்சரிக்கைக் கோட்டுக்குப் பின்னால், குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஹிசாயே அவர் முன் போய்க் குனிந்தாள்.

"மூணாம் நாற்காலி ஐயா, பன்னிரண்டாவது உங்களுக்கு வந்து சேரலை. தப்பு என்னோடது."

அவர் பதறிப்போனார். "ஐயோ, என்னம்மா இது, எனக்கு வயிறு நிறைஞ்சிடுச்சு. இதுக்குப் போய்க் கடையை விட்டுட்டு..."

"உட்காருங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. வந்த பிறகு நாப்பது விநாடி நிக்கும். தாராளம்."

பெஞ்சில் சம்படத்தைத் திறந்தாள். நான் தண்ணீர் ஊற்ற, கையை நனைத்து ஒருமுறை தட்டினாள். சோறு, விலாங்கு, இரண்டு அழுத்து, ஒரு தடவு. பெட்டி மூடியைத் திருப்பி அதன்மேல் வைத்தாள், இடது கைக்கு வாகாகச் சாய்த்து. விரலை நீட்டினாள். "மூணு, இடது கை. இசோபே விலாங்கு. சரி."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சொல்லிவிட்டாயே என்ற பார்வை.

"இவரு இன்னிக்குத்தான் சொன்னாரு," என்றாள் ஹிசாயே. "நான் நாலு வருஷமா தினமும் காலையில உங்க பேரைச் சொல்றேன், ஐயா. பெட்டியைச் சுட்டிக் காட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரி."

அவர் பிடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரயில் வருகிறது என்று ஒலிபெருக்கி சொன்னது. எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். கண்ணோரம் நனைந்தது. எனக்கும்தான், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. விழுங்கி முடித்த பிறகு மூடியில் சிந்தியிருந்த சாற்றையும் விரலால் துடைத்து நக்கிக்கொண்டார்.

"இதை நான்தான் பிடிச்சேன்னு யாராவது சொன்னா நம்பமாட்டேன்மா," என்றார்.

கதவு திறந்தது, ஏறினார், திரும்பி நின்றார். கதவு மூடும்போது உள்ளேயிருந்து தலை குனிந்தார். இங்கே ஹிசாயே குனிந்தாள். கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டும்வரை நிமிரவில்லை. ஒன்று ஆறு, ஒரு விநாடி முன்பின் இல்லை.

நாங்கள் திரும்பியபோது வரிசையில் எட்டுப் பேரும் அப்படியே நின்றார்கள். ஓனிஷி கதை முழுக்கச் சொல்லியிருந்தான், தானும் ஓடியதைப் போல. ஹிசாயே பதினான்கு நிமிடத் தாமதத்துக்கு மறுபடி குனிந்தாள். முன்னால் நின்ற ஆபீஸ்காரப் பெண் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"மேனேஜர் திட்டுவாரு. ரயில் லேட்டானா தாமதச் சீட்டு தருவாங்களே, அதுமாதிரி ஒண்ணு கிடைக்குமா?"

ஹிசாயே சிரிக்கவில்லை. காகிதத்தை எட்டாகக் கிழித்து, கடை முத்திரை குத்தி, ஒவ்வொன்றிலும் எழுதிக் கொடுத்தாள்: "தாமதம் பதினான்கு நிமிடம். காரணம்: ஒருவரை விட்டுவிட்டுப் புறப்பட்டுவிட்டோம். திரும்பிப் போனோம்."

எனக்கும் ஒன்று கேட்டேன். "உங்களுக்கு எதுக்குண்ணே? காரணமே நீங்கதானே," என்றாள். அதையே எழுதிக் கொடு என்றேன். எழுதிவிட்டாள். "காரணம்: சலவைக்கடை வாய்" என்று முத்திரையோடு என் இஸ்திரி மேசைக்கு மேலே தொங்குகிறது. வருகிறவர்கள் கேட்காவிட்டாலும் நானே காட்டுகிறேன்.

அடுத்த திங்கட்கிழமை ஷட்டரைத் தூக்கினேன். கணவாய் சரி, இறால் சரி, கானாங்கெளுத்தி சரி. அதற்கு மேல் குரல் வரவில்லை. உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று தெருவைத் தாண்டி ஓடினேன். ஹிசாயே பெட்டிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். இசோபே என்ற பெயருக்குக் கீழே, பால்பாயிண்ட் பேனாவால், எழுதிப் பழக்கமில்லாத கையின் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: "பன்னிரண்டு, சரி."

அவளால் கூவ முடியவில்லை. அன்றைக்கு மட்டும் அவளுக்குப் பதிலாக நான் விரலை நீட்டிக் கூவினேன்.